எண்ணெய்க் கசிவின்போது கடல் மட்டமும் அலை உயரமும் செயற்கைக்கோளிலிருந்து எடுப்பது எப்படி? முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

கடலில் எண்ணெய் கொட்டிவிட்டது. "செயற்கைக்கோள்ல பாத்து, எண்ணெய் எந்தப் பக்கம் போகும், அலை எப்படி இருக்குன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்று ஒருவர் உங்களிடம் கேட்கிறார். எனக்கு அந்த வேலை முதல்முறை வந்தபோது, அந்தச் சாயங்காலம் நான்காம் நாள் சாயங்காலமாகிவிட்டது. அறிவியல் கடினமாக இருந்ததால் அல்ல. கணக்குத் திறக்க ஒரு நாள் போனது. தவறான கோப்பை இறக்கியதில் இன்னொரு நாள். 32.767 மீட்டர் உயர அலை ஒன்றைப் பார்த்து மிரண்டு உட்கார்ந்ததில் மற்றொரு நாள். அந்த மூன்று நாளும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடையில் நடந்த கசிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 20 அன்று வெடித்தது. ஜூலை 15 அன்றுதான் கிணற்றின் வாய் அடைபட்டது. பதினோரு பேர் இறந்த விபத்து அது, பயிற்சிப் பாடமாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தரவு ஏராளமாக இருக்கிறது, என்ன நடந்தது என்பதும் தெரியும். நீங்கள் போட்ட கணக்கு சரியா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

1. எந்தக் கருவி எதைக் காட்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கடல் மட்டத்தையும் அலையையும் அளக்கும் கருவி படம் எடுக்காது. அதன் பெயர் ரேடார் ஆல்டிமீட்டர். செயற்கைக்கோளிலிருந்து நேர் கீழே ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் வரை காத்திருக்கும். ஒரே எதிரொலியில் மூன்று விஷயங்கள் கிடைக்கும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கடல் மட்டம். எதிரொலியின் முன்விளிம்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதிலிருந்து அலை உயரம். அலை பெரிதானால் முகடு முதலிலும் பள்ளம் பிறகும் பதில் சொல்வதால் அந்த விளிம்பு சாய்ந்துவிடும். எதிரொலியின் பலத்திலிருந்து காற்றின் வேகம்.

இவை எல்லாமே செயற்கைக்கோளுக்கு நேர் கீழே, நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் கிடைக்கும். வினாடிக்கு ஒரு புள்ளி, அதாவது 6–7 கி.மீ.க்கு ஒன்று. கோட்டுக்கு இரு பக்கமும் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் மட்டும் விதிவிலக்கு: 120 கி.மீ. அகலப் பட்டையாக அளக்கும், நடுவில் 20 கி.மீ. இடைவெளி இருக்கும்.

எண்ணெய்ப் படலத்தின் படம் வேண்டுமானால் சென்டினல்-1 போன்ற, பக்கவாட்டில் பார்க்கும் ரேடாரிடம் போக வேண்டும். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று சொல்வது அது. எண்ணெய் போகும் பாதையையும், அங்கே படகு வேலை செய்ய முடியுமா என்பதையும் சொல்வது ஆல்டிமீட்டர். நான் ஒரு நாள் முழுக்க ஆல்டிமீட்டர் கோப்புகளுக்குள் எண்ணெயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2. கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று எழுதி வாங்குங்கள்

"கடல் எப்படி இருக்கு" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கும். நாளைக் காலை மிதவைத் தடுப்பு (எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதக்கும் வேலி) இறக்கலாமா என்பது ஒன்று. அதற்கு அலை உயரம் வேண்டும், மணிக்கணக்கில் பதில் வேண்டும். அடுத்த வாரம் படலம் எந்தக் கரையில் ஒதுங்கும் என்பது இன்னொன்று. அதற்குக் கடல் மட்டத்திலிருந்து நீரோட்டம் எடுக்க வேண்டும், ஓரிரு நாள் தாமதம் பரவாயில்லை.

மிதவைத் தடுப்புக்கு ஒரு நடைமுறை எல்லை உண்டு. நீரோட்டம் அதன் குறுக்கே சுமார் 0.7 நாட், அதாவது வினாடிக்கு 0.35 மீட்டரைத் தாண்டினால் எண்ணெய் அடியில் நழுவத் தொடங்கும். அலை ஒரு மீட்டரைக் கடந்தால் மேலேயும் தெறித்துப் போகும். ஆகவே உங்கள் அறிக்கையில் "2 மீட்டர்" என்ற எண்ணைவிட "ஒரு மீட்டருக்கு மேலா, கீழா" என்பதற்குத்தான் மதிப்பு அதிகம். இது தெரியாமல் மூன்று தசம இடம் வரை எழுதிக்கொடுத்து நானே சிரிப்புக்கு இடமானேன்.

3. கணக்குகள், ஆவணங்கள், செலவு

தரவு இலவசம். கசிவு நடக்கும் முன்பே, இன்றைக்கே, இந்தக் கணக்குகளைத் திறந்து வையுங்கள்:

கோப்பர்நிக்கஸ் மரைன் சேவை: கோடுகளுக்கு இடையே நிரப்பி, கட்டம் கட்டமாக ஆக்கிய கடல் மட்டம், அலை உயரம் இரண்டும் இங்கே உண்டு. புதியவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பைத்தான் தெரிந்தால் இவர்களே தரும் கருவித்தொகுப்பில், உங்களுக்கு வேண்டிய சதுரத்தையும் நாளையும் மட்டும் வெட்டி எடுக்கலாம்.

யூமெட்சாட் (ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் அமைப்பு) தரவுக் கிடங்கு: சென்டினல்-3, சென்டினல்-6 ஆகியவற்றின் கோட்டுவழி ஆல்டிமீட்டர் தரவு.

நாசாவின் எர்த்டேட்டா: ஜேசன் வரிசை ஆல்டிமீட்டர் செயற்கைக்கோள்கள், ஸ்வாட் இரண்டுக்கும் ஒரே நுழைவுப்பெயர் போதும்.

கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ்: சென்டினல்-1 படங்கள்.

பதிவுக்குக் கேட்பது மின்னஞ்சல், பெயர், நாடு, எதற்காகப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்ற ஒரு வரி. அடையாள அட்டை நகல் எதையும் நான் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு தளத்தில் படிவத்தை அனுப்பிய பிறகு மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும் வழக்கம் இருந்தது. நான் பதிவுசெய்தது வெள்ளிக்கிழமை மாலை. ஒப்புதல் திங்கட்கிழமை வந்தது. எண்ணெய்க்கு வார விடுமுறை கிடையாது.

உரிம நிபந்தனையைப் படித்து, அதில் சொல்லியிருக்கும் நன்றிக்குறிப்பை ஒரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் கீழே அதைப் போட்டே ஆக வேண்டும். அவசரத்தில் தேட முடியாது.

செலவாவது இணையமும் வட்டு இடமும்தான். கோட்டுவழி ஆல்டிமீட்டர் கோப்புகள் சிறியவை. சென்டினல்-1 காட்சி ஒன்று ஏறத்தாழ 1 ஜிபி வரும். வணிக நிறுவனங்களின் படத்துக்கு விலை உண்டு. ஆனால் நாட்டின் பேரிடர் மேலாண்மை அமைப்பு கேட்டால், பேரிடர்களுக்கான சர்வதேச விண்வெளிச் சாசனத்தின் வழியே அவை இலவசமாகவே வரும். தனியாள் அதைக் கேட்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புதான் கேட்க வேண்டும். யார் அந்த அமைப்பு என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது உங்கள் வேலை.

4. அவசரமா, துல்லியமா என்று முடிவுசெய்யுங்கள்

ஒரே அளவீடு மூன்று முறை வெளியாகும். முதலில் 3 மணி நேரத்துக்குள் வருவது, பிறகு 48 மணி நேரத்துக்குள், கடைசியில் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து. சென்டினல் கோப்புகளின் பெயரில் இவை என்ஆர், எஸ்டி, என்டி என்று வரும். ஜேசன் வரிசையில் இதையே ஓஜிடிஆர், ஐஜிடிஆர், ஜிடிஆர் என்பார்கள். கடைசி வகை அங்கே 60 நாள் வரை ஆகும்.

இவற்றுக்குள் முக்கிய வித்தியாசம் சுற்றுப்பாதைக் கணிப்பில்தான். செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருந்தது என்று நாளாக ஆகத்தான் சரியாகத் தெரியும். கடல் மட்டத்தில் சில செ.மீ. தவறினாலும் நீரோட்டம் மாறிவிடும் என்பதால் அங்கே இது முக்கியம். அலை உயரத்துக்குச் சுற்றுப்பாதை தேவையே இல்லை. அது எதிரொலியின் வடிவத்திலிருந்து வருவது. ஆகவே அலைக்கு 3 மணி நேரக் கோப்பே போதும். கடல் மட்டத்துக்கு 48 மணி நேரக் கோப்பு வரும் வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

மாதக் கோப்புக்காகக் காத்திருந்து அழகான வரைபடம் போட்டுக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் எண்ணெய் கரையில் இருந்தது.

5. கோடு உங்கள் இடத்தின் மேல் போகிறதா?

ஜேசன் வரிசையும் சென்டினல்-6-உம் 1,336 கி.மீ. உயரத்தில் பறந்து, ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை அதே கோட்டுக்குத் திரும்பும். நிலநடுக்கோட்டில் இரு கோடுகளுக்கு இடையே சுமார் 315 கி.மீ. சென்டினல்-3 திரும்ப 27 நாளாகும். ஆனால் கோடுகள் நெருக்கம், ஒரு சென்டினல்-3 மட்டும் என்றால் 104 கி.மீ., ஜோடி இரண்டும் சேர்ந்தால் 52 கி.மீ. அடிக்கடி வருவதும் நெருக்கமாக வருவதும் ஒரே செயற்கைக்கோளில் கிடைக்காது.

2010-இல் ஜேசன்-1, ஜேசன்-2, என்விசாட் மூன்றும் வேலை செய்துகொண்டிருந்தன. கிணறு இருந்த இடம் வடக்கு 28.74 பாகை, மேற்கு 88.37 பாகை. இதைக் கோப்பில் தேடும்போது நான் -88.37 என்று கொடுத்தேன். பூஜ்யம் புள்ளிகள். அந்தக் கடலின் மேல் ஒரு செயற்கைக்கோளும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அரை நாள் வேறு மாதங்களில் தேடினேன். பல ஆல்டிமீட்டர் கோப்புகள் தீர்க்கரேகையை 0 முதல் 360 வரை எழுதும். நான் கேட்டிருக்க வேண்டியது 271.63. மேற்கு அரைக்கோளத்தில் வேலை செய்கிறவர்கள் இதை மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நேரமும் அப்படித்தான். 2000 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி என்றுதான் இருக்கும், அதுவும் உலகப் பொது நேரத்தில். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் "காலை 6 மணி அலை" என்று எழுதிவிட்டால், படகுக்காரர் நம்புவது எந்த 6 மணி?

6. அலை உயரம் எடுப்பது

கோப்பில் இருப்பது குறிப்பிடத்தக்க அலை உயரம். பெரிய அலைகளில் மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்று வைத்துக்கொள்ளலாம். 2 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் இல்லை; இடையிடையே கிட்டத்தட்ட இரட்டிப்பு உயரத்திலும் ஒன்று வரும். படகில் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 32.767 மீட்டர் அலைக்கு வருகிறேன். நெட்சிடிஎஃப் (இந்தத் தரவு வரும் கோப்பு வடிவம்) கோப்பில் எண்கள் இடம் மிச்சப்படுத்த முழு எண்ணாக அடைக்கப்பட்டிருக்கும்; 0.001-ஆல் பெருக்கினால் மீட்டர். அளவீடு இல்லாத இடத்தில் 32767 என்ற நிரப்பு எண்ணைப் போட்டுவைப்பார்கள். நான் அதையும் சேர்த்துப் பெருக்கினேன். நல்ல மென்பொருள் இதைத் தானே கழித்துவிடும். நீங்களே எழுதிய நிரல் என்றால் நீங்கள்தான் கழிக்க வேண்டும். அந்த எண் ஒரு சராசரிக்குள் கலந்துவிட்டால் இன்னும் ஆபத்து. 32 மீட்டர் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும், 3.8 மீட்டர் என்றால் வராது.

பிறகு வடிகட்டுதல். ஜேசன் கையேடுகளில் வழக்கமாகச் சொல்லும் வரம்புகள் புதியவர்களுக்குப் போதும்: அலை உயரம் 0 முதல் 11 மீட்டருக்குள், எதிரொலியின் பலம் 7 முதல் 30 டெசிபெலுக்குள், ஒரு வினாடிப் புள்ளிக்குள் குறைந்தது 10 நல்ல அளவீடுகள், கடல் மட்ட வேறுபாடு 2 மீட்டருக்குள்.

கரையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ.க்குள் வரும் புள்ளிகளைச் சந்தேகத்துடன் பாருங்கள். எதிரொலியில் நிலம் கலந்துவிடும். சென்டினல்-3-இன் கோட்டுத்திசை நுணுக்கம் சுமார் 300 மீட்டர் என்பதால் அது கரையை இன்னும் நெருங்கலாம், ஆனால் கோடு கரையைச் செங்குத்தாக வெட்டினால்தான் அந்த நன்மை. அலை உயரத்தில் பிழை அரை மீட்டர் அல்லது 10 சதவீதம், எது பெரிதோ அது, என்று எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். எல்லை ஒரு மீட்டர் என்ற இடத்தில் 0.9 மீட்டர் வந்தால் "இறக்கலாம்" என்று எழுதாதீர்கள். "எல்லையில் இருக்கிறது" என்று எழுதுங்கள்.

7. கடல் மட்டத்திலிருந்து நீரோட்டம்

கோட்டுவழித் தரவில் நீங்களே திருத்தங்கள் செய்து கடல் மட்டம் எடுக்க முதல்முறையே முயல வேண்டாம். வறண்ட காற்றுக்கான திருத்தம் மட்டும் சுமார் 2.3 மீட்டர், ஈரக்காற்றுக்குப் பல பத்து செ.மீ. வரை, அதன்மேல் அயனமண்டலம், ஓதம், காற்றழுத்தம் (1 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 செ.மீ.), அலையால் வரும் பிழை. ஒன்றை இரண்டு முறை கழித்தால் முடிந்தது கதை. போதாததற்கு, ஜேசன் வரிசை உயரத்தை அளக்கும் அடிப்படை நீள்கோளமும் (பூமியின் வடிவமாக வைத்துக்கொள்ளும் கணித உருவம்) ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-உம் ஒன்றல்ல. இடையே சுமார் 70 செ.மீ. இருக்கிறது. இரண்டு செயற்கைக்கோளின் தரவை அப்படியே ஒட்டினால் நடுக்கடலில் ஒரு படிக்கட்டு முளைக்கும்.

ஆகவே கோப்பர்நிக்கஸ் மரைனில் தினசரிக் கட்டமாகக் கிடைக்கும் "முழு இயக்க நிலப்பரப்பு" மாறியை எடுங்கள். ஏடிடி என்று பெயர் இருக்கும். எஸ்எல்ஏ என்று பக்கத்திலேயே இருப்பது சராசரியிலிருந்து விலகல் மட்டுமே. நிரந்தர நீரோட்டம் அதில் இருக்காது. எஸ்எல்ஏ-வை வைத்து எண்ணெய்ப் பாதை வரைந்தால் பெரிய ஓட்டமே காணாமல் போகும்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்றுதான் மனம் நினைக்கும். பெரிய அளவில் கடல் அப்படி ஓடாது. பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிடுவதால் மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடும். வட அரைக்கோளத்தில் மேட்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டு. உயரக் கோடுகள்தான் நீரோட்டத்தின் பாதை. கோடுகள் நெருங்கினால் வேகம் கூடும். கணக்கு எளிது: சரிவை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, அந்த அட்சரேகையின் சுழற்சி எண்ணால் (கொரியாலிஸ் எண்) வகுக்க வேண்டும். வடக்கு 26 பாகையில் 100 கி.மீ.க்கு 50 செ.மீ. சரிவு இருந்தால் வினாடிக்குச் சுமார் 0.77 மீட்டர், நாளைக்கு 66 கி.மீ. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 பாகைக்குள் இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள்; வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கி, வேகம் வானத்தைத் தொடும்.

வளைகுடாவில் எல்லோரும் பயந்தது லூப் ஓட்டம் என்ற பெரிய நீரோட்டத்துக்கு. எண்ணெய் அதில் ஏறினால் ஃப்ளோரிடா நீரிணை வழியே அட்லாண்டிக்குக்குப் போய்விடும். கோடையில் வளைகுடாவின் மேற்பரப்பு முழுக்க ஒரே சூடாக இருப்பதால் வெப்பநிலைப் படத்தில் அந்த ஓட்டம் மறைந்துவிடும். கடல் மட்டத்தில் மறையாது. அங்கே ஆய்வாளர்கள் 17 செ.மீ. உயரக் கோட்டை லூப் ஓட்டத்தின் விளிம்பாக வைத்துக்கொள்வார்கள். கட்டத்திலிருந்து நேரடியாக 17 செ.மீ. கோட்டை வரைந்தால் தவறான இடத்தில் விழும். அன்றைய தேதிக்கு வளைகுடா முழுவதன் சராசரியைக் கழித்துவிட்டு வரைய வேண்டும். மே முதல் நாளிலிருந்து ஜூன் கடைசி வரை ஒவ்வொரு நாளாக வரைந்து பாருங்கள். மே மாத இறுதி வாக்கில் லூப் ஓட்டத்தின் நீண்ட நாக்கு இடுப்பில் ஒடுங்கி, வடபகுதி தனிச்சுழலாகப் பிரியும். அதற்குப் பெயரும் வைத்தார்கள், ஃப்ராங்க்லின் என்று. பெரும்பகுதி எண்ணெய்க்கு ஃப்ளோரிடா நோக்கிய நேர்வழி அப்படித்தான் அடைபட்டது. நான் இதை முதல்முறை திரையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் அதுவரை பட்ட பாடு வீண் இல்லை என்று தோன்றியது.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டம் எவ்வளவு நுணுக்கமாகப் போட்டிருந்தாலும் உண்மையில் தெரிவது 150–200 கி.மீ. அளவிலான அமைப்புகள்தான், மீதி இட்டு நிரப்பியது. அடுத்தது, மேற்பரப்பு எண்ணெய் நீரோட்டத்தோடு மட்டும் போகாது. காற்று வேகத்தில் சுமார் 3 சதவீதத்தை அதன் திசையிலேயே கூட்டுங்கள். வினாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் நாளைக்கு 26 கி.மீ. கரைக்கு அருகே பெரும்பாலும் காற்றுதான் ஜெயிக்கும்.

8. எண்ணெயே கருவியை ஏமாற்றும் இடம்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணெய் சிறு சிற்றலைகளை அடக்கிக் கடலைக் கண்ணாடியாக்கிவிடும். பக்கவாட்டு ரேடாருக்கு அந்தக் கண்ணாடியிலிருந்து எதுவும் திரும்பாது, படத்தில் கறுப்பாகத் தெரியும். நேர் கீழே பார்க்கும் ஆல்டிமீட்டருக்கோ அதே கண்ணாடி முழு பலத்தையும் முகத்தில் திருப்பி அடிக்கும். ஒரே எண்ணெய், ஒன்றில் கறுப்பு, மற்றதில் பளீர்.

அந்தப் பளீரில் எதிரொலியின் வடிவம் கெடும். அலை உயரம் தவறும், காற்று வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வரும், கடல் மட்டமும் சில செ.மீ. நகரும். சாதாரணக் கடலில் கேயூ (ஆல்டிமீட்டரின் முக்கிய ரேடார்) அலைவரிசையில் எதிரொலியின் பலம் 11 டெசிபெல் சுற்றில் இருக்கும். 15–16-ஐத் தாண்டும் தொடர்ச்சியான புள்ளிகளைத் தனியே குறித்து வையுங்கள். வடிகட்டியின் 30 டெசிபெல் வரம்பு அவற்றைப் பிடிக்காது. படலத்தின் மேலேயே எடுத்த அலை உயரத்தை அறிக்கையில் போடாதீர்கள், அதன் இரு விளிம்புக்கு வெளியே உள்ள புள்ளிகளைப் போடுங்கள். ஆனால் பளீர் தெரிந்ததும் எண்ணெய் என்று துள்ளவும் வேண்டாம்: காற்றே இல்லாத கடலும், பாசிப்படலமும் இதேபோல் மின்னும். பக்கவாட்டுப் படத்திலும் இதே சிக்கல்தான். வினாடிக்கு 2–3 மீட்டருக்குக் கீழே காற்று இருந்தால் எல்லாமே கறுப்பு, 10–12-ஐத் தாண்டினால் எண்ணெயே கலைந்துவிடும்.

9. மிதவையோடு ஒப்பிட்டு, பிறகு அனுப்புங்கள்

கிணற்றுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் அலையை நேரில் அளக்கும், அமெரிக்காவின் 42040 எண் மிதவை இருந்தது. அதன் பழைய பதிவுகள் இலவசம். 50 கி.மீ., 30 நிமிடம் என்ற வரம்புக்குள் வரும் ஆல்டிமீட்டர் புள்ளிகளை அதோடு வைத்துப் பாருங்கள். அரை மீட்டருக்கு மேல் தொடர்ந்து விலகினால் உங்கள் நிரலில் பிழை தேடுங்கள். மிதவையைக் குறை சொல்ல எனக்கும் ஆசை வந்தது. பிழை என் நேரமாற்றத்தில் இருந்தது.

அறிக்கை ஒரு பக்கம் போதும். எந்தச் செயற்கைக்கோள், கடந்த நேரம் (உலக நேரமும் உள்ளூர் நேரமும்), எந்த வகைக் கோப்பு, கோடு படலத்திலிருந்து எத்தனை கி.மீ. தள்ளி, அலை உயரம் பிழையோடு, நீரோட்டத்தின் திசையும் வேகமும், கீழே நன்றிக்குறிப்பு. இறக்கிய கோப்பை அழிக்காதீர்கள். மாதம் ஒன்று கழித்துத் துல்லியக் கோப்பு வந்ததும் அதே நிரலை மறுபடி ஓட்டி, அன்றைக்கு நீங்கள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதி, உங்களிடம் கேட்டவருக்கே அனுப்புங்கள். என் முதல் அறிக்கையில் நீரோட்டத்தின் திசை சரியாக இருந்தது, வேகம் பாதிதான் இருந்தது.